ஆறரை மணிப் பூகம்பம்

உடம்பு இளைக்க வழி தெரியாத ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. இளைத்தவர்களைத்தான் அதிகம் சந்தித்ததில்லை.

இரண்டாயிரத்து ஒன்றில் நான் அறுபத்தெட்டு கிலோ. பெங்களூரில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கம்பெனியில் எல்லோருமே எனக்கு வைத்தியர்கள். வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் கலந்து குடித்தால் கொழுப்பு கரையும் என்றார் ஒருவர். குடித்தேன், நெஞ்சு எரிந்ததுதான் மிச்சம். அரிசியை விட்டுச் சப்பாத்திக்கு மாறு என்றார் இன்னொருவர். மாறினேன். சப்பாத்தி உடம்பில் ஒட்டாது என்று நம்பியதால் வேளைக்கு ஆறு சாப்பிட்டேன். (குருமாவைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே.) காலைச் சாப்பாட்டை நிறுத்தினால் இரண்டே வாரத்தில் இடுப்பு தெரியும் என்றார்கள். நிறுத்தினேன். பதினோரு மணிக்குக் கேன்டீனில் மூன்று மசால் வடை சாப்பிடும் பழக்கம் அப்போது வந்ததுதான்.

என் நாத்தனார் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. அதற்கு முந்தைய கல்யாணத்தில் ஒரு பெரியம்மா என் வயிற்றைப் பார்த்து, எத்தனாவது மாசம் என்று அன்போடு விசாரித்திருந்தார். ஒரு மாதமும் இல்லை. இந்த முறையும் அவர் வருவார்.

அலுவலகத்தில் என் பக்கத்து மேசை விமலா. வயிறுதான் பிரச்சினை என்றால் வயிற்றை மட்டும் தனியாகக் கரைக்கலாம், அதற்கு ஒரு மெஷினே இருக்கிறது, தன்னுடையது சும்மாதான் கிடக்கிறது என்றாள். அவள் என்னைவிடப் பருமன் என்பதை அந்த இடத்திலாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

மெஷின் என்பது ஒரு கனமான இரும்புப் பலகை, அதில் ஒரு தூண், தூணின் உச்சியில் ஒரு மோட்டார், மோட்டாரிலிருந்து தொங்கும் அகலமான பெல்ட். பெல்ட்டுக்குள் இடுப்பைக் கொடுத்து சுவிட்சைப் போட்டால் அது நம்மைப் பிடித்து உலுக்கும். உலுக்கினால் கொழுப்பு உதிரும். (மாங்காய் மரமா உதிர்வதற்கு என்று இப்போது கேட்கத் தெரிகிறது.)

அப்போது நாங்கள் காக்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரர் டேனியல் அங்கிளும் எஸ்தர் ஆண்ட்டியும். ஏழு மாதக் கர்ப்பிணியான அவர்கள் மகள் ஷீலா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். எங்கள் மாடிக்குத் தரை மரப்பலகை. குடிவந்த அன்றே ஆண்ட்டி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: "கிரைண்டர் மட்டும் மேல வெக்காதம்மா. பலகை தாங்காது." கிரைண்டர்தானே கூடாது என்று எனக்கு நானே சட்டம் பேசிக்கொண்டு, அவர்கள் சர்ச்சுக்குப் போயிருந்த நேரத்தில் மெஷினை ஆட்டோவில் கொண்டுவந்து மாடிக்கு ஏற்றினேன். ஷிப்ட் வேலையில் இருந்த என் கணவர் சேகரிடமும் சொல்லவில்லை. கட்டிலுக்குப் பின்னால் வைத்துப் போர்வையால் மூடிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மாலை ஆறரைக்குத் தொடங்கினேன். பற்கள் தந்தியடித்தன. கண்ணெதிரே காலண்டர் இரண்டாகத் தெரிந்தது. நாலு நிமிடம் கழித்து நிறுத்தியபோது தெருவில் ஒரே சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அங்கிள், ஆண்ட்டி, ஷீலா மூவரும் வெறுங்காலோடு நடுத்தெருவில் நின்றார்கள். ஆண்ட்டி கையில் பைபிள்.

"சீக்கிரம் கீழ வாம்மா, பூமி ஆடுது," என்றார் அங்கிள்.

இறங்கி ஓடினேன். எனக்குக் கைகால் நடுங்குவதைப் பார்த்து ஆண்ட்டி என்னை அணைத்துக்கொண்டு தண்ணீர் கொடுத்தார்.

வடக்கே பெரிய பூகம்பம் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எல்லோருக்கும் மனதில் அந்தப் பயம் இருந்தது. தவிர அங்கிள் கோலார் தங்கவயல்காரர். "சுரங்கத்துல பாறை வெடிச்சு ஊரே ஆடுறதப் பாத்து வளந்தவன் நான். இது பூமிதான்," என்று அவர் சொன்ன பிறகு தெருவில் யாரும் சந்தேகப்படவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தானும் உணர்ந்ததாகச் சொன்னார். எதிர்வீட்டு மஞ்சுநாத், தன் நாய் மத்தியானத்திலிருந்தே சரியில்லை என்றார்.

அந்த நிமிடம் நான் வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் மஞ்சுநாத்தின் நாய் வரை சாட்சி சொன்ன பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை இரண்டும் ஒரே நேரத்தில் நடந்திருக்குமோ? மறுநாள் பேப்பரில் பூகம்பச் செய்தியைத் தேடினேன் என்றால் என் புத்தியை நீங்களே அளந்துகொள்ளலாம்.

வியாழக்கிழமை ஒரு மெத்தையை மடித்து அதன்மேல் மெஷினை வைத்து, இரண்டே நிமிடம் போட்டுப் பார்த்தேன். சந்தேகம் தீர்ந்தது. கீழே கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. ஆண்ட்டியின் கல்யாணத்துக்கு வந்த டீ செட் அது. ஷீலா தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் உள்ளே வர மறுத்துவிட்டாள்.

அன்றோடு மெஷினை நிறுத்திவிட்டேன். ஆனால் விஷயம் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அங்கிளை எழுந்து பேசச் சொல்லி, எங்கள் தெருவுக்காகச் சிறப்பு ஜெபம் நடந்தது. ஷீலாவை ஓசூரில் மாமியார் வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவது என்று அங்கிள் முடிவு செய்தார். முதல் பேரக்குழந்தை தன் வீட்டில் பிறக்காது என்று ஆண்ட்டி சமையலறையில் அழுததை நான் மாடிப்படியில் நின்று கேட்டேன். நாளை சொல்லிவிடலாம் என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டேன். என்னைத் திட்டுவார்கள் என்பதுகூடப் பெரிதில்லை. அங்கிளை ஊரே பூகம்ப நிபுணராக ஏற்றுக்கொண்டிருந்தது. அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

புதன்கிழமை மாலை, வீட்டின் அஸ்திவாரத்தைப் பார்க்க அங்கிள் ஒரு இன்ஜினியரைக் கூட்டி வந்தார். நானும் கீழே போய் நின்றேன். சுவரை அவர் தட்டித் தட்டிப் பார்த்து, எல்லாம் உறுதியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே தலைக்கு மேலே உத்தரம் கடகடவென்று ஆடியது. விளக்கு ஊசலாடியது. ஆண்ட்டி ஷீலாவைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார். அங்கிள் ஓடினார். எதிர்வீட்டு மஞ்சுநாத் நாயோடு ஓடினார். நான் மட்டும் மாடிக்கு ஓடினேன்.

அதுதான் நான் செய்த தப்பு. பூகம்பத்தில் மாடிக்கு ஓடுகிற பெண்ணைப் பார்த்த இன்ஜினியர் என் பின்னாலேயே வந்துவிட்டார். அவர் பின்னால் அங்கிளும்.

உள்ளே என் கணவர், லீவு நாளில் கட்டிலுக்குப் பின்னால் கண்டெடுத்த பெல்ட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டு தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தார்.

"எ-எ-எப்படி நி-நிறுத்தறது?" என்றார்.

பிளக்கைப் பிடுங்கினேன். வீடு அமைதியானது. இன்ஜினியர் தன் பையை மூடினார். அங்கிள் மெஷினைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், கடைசியில் அழுதும்விட்டேன்.

அங்கிள், "எவ்ளோ கொறைஞ்சுது?" என்று கேட்டார்.

"ஒண்ணரை கிலோ ஏறிடுச்சு அங்கிள்."

முதலில் சிரித்தது, ஆட்டம் நின்றதும் ஆண்ட்டியோடு வந்து படியில் நின்ற ஷீலா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆண்ட்டியும் சிரித்தார். அங்கிள் சிரிக்கவில்லை. இறங்கிப் போனவர் நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஆண்ட்டி உடைந்த டீ செட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நானாகவே அவர்களோடு சர்ச்சுக்குப் போய், ஆராதனை முடிந்ததும் பாஸ்டரிடமும் சுற்றி நின்றவர்களிடமும் நடந்ததைச் சொன்னேன். அங்கிள் சொன்னதில் தப்பில்லை, வீடு ஆடியது உண்மை, ஆட்டியது நான்தான் என்றேன். திரும்பி வரும்போது அங்கிள், மத்தியானம் இங்கேயே சாப்பிடு என்றார். சோறுதான் போட்டார்கள். மறுசோறும் கேட்டு வாங்கினேன்.

ஷீலா ஓசூருக்குப் போகவில்லை. பெண் குழந்தை பிறந்தது. நாத்தனார் கல்யாணத்தில் அந்தப் பெரியம்மா என்னைப் பார்த்து, இன்னுமா பிறக்கவில்லை என்றார்.

அன்றிலிருந்து தெருவில் லாரி போய் ஜன்னல் அதிர்ந்தால், இடி இடித்தால், மேசைமேல் செல்போன் உறுமினால், இரண்டு வீட்டிலும் ஒரே வசனம்தான்: "யாரோ இளைக்கிறாங்க."

சில வருடம் கழித்து நாங்கள் ஊர் எல்லையில், சந்தாபுராவில் வீடு வாங்கிப் போய்விட்டோம். ஒருநாள் மத்தியானம் பெங்களூரில் நிஜமாகவே லேசாக நிலம் நடுங்கியது. அடுத்த ஐந்தாவது நிமிடம் ஆண்ட்டி போன் செய்தார்.

"தெருவே வெளிய நிக்குதும்மா. இந்த மனுஷன் மட்டும் சேரை விட்டு எந்திரிக்க மாட்டேங்கறாரு. யாரோ இளைக்கிறாங்கன்னு சொல்லிட்டு டீ குடிச்சிட்டிருக்காரு. நீ ஒரு வார்த்தை சொல்லு."

போனை அங்கிளிடம் கொடுக்கச் சொன்னேன்.

"அங்கிள், சத்தியமா இது நான் இல்ல. எந்திரிச்சு வெளிய போங்க," என்றேன்.

அவர் ஒரு வாய் டீ குடித்துவிட்டு, "உன் வீட்டுக்காரர் எங்க இருக்காரு?" என்று கேட்டார்.