நிற்கத் தெரிந்த வண்டி

உ
சங்கரநாராயணர் துணை

சங்கரன்கோவில்,
ஆவணி மாதம், புதன்கிழமை, 1983.

எனக்கு மூத்தவரும், என் மகளுக்கு மாமியாரும், சிவகிரி மேலத்தெருவில் வாசம் செய்பவருமான வள்ளித்தாய் அக்கா அவர்களுக்கு, தம்பி சண்முகையா அநேக வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே கோமதியம்மன் புண்ணியத்தில் நானும் வீட்டுக்காரி மாரித்தாயும் தறிச் சத்தமும் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே தங்கள் முழங்கால் வலியும், தங்கள் எருமையின் கோபமும் சற்றுத் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நிற்க. தாங்கள் சிவகிரி பஸ் கண்டக்டர் மூலம் சொல்லியனுப்பிய சேதி கிடைத்தது. அவன் அதை என் காதில் வந்து சொல்லியிருக்கலாம். புட்போர்டில் தொங்கிக்கொண்டு, ஸ்டாண்டே கேட்கிற மாதிரி, "அண்ணாச்சி, ஒங்க அக்கா வளைகாப்புக்கு வரமாட்டாகளாம், ஆசீர்வாதத்த மட்டும் பஸ்ல போட்டு விடுதாகளாம்" என்று கத்திவிட்டுப் போய்விட்டான். இத்தனை வருஷம் அதே ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். எத்தனையோ பஸ் வராமல் போனதற்குப் பதில் சொல்லியிருக்கிறேன். அக்கா வராமல் போவதற்கு என்ன பதில் சொல்ல? வெள்ளிக்கிழமை வளைகாப்பு. நம் வீட்டு வழக்கப்படி முதல் வளையல் மாமியார் கையால் ஏற வேண்டும். மகள் தங்கத்தாய் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "அத்தை வந்து போட்டாப் போடட்டும், இல்லேன்னா வெறுங்கையோட இருக்கேன், யாரும் கிட்ட வராதீங்க." அவள் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நம் இரண்டு வீட்டிலும் அது மட்டும் பஞ்சமில்லாமல் விளைகிறது.

பொங்கலன்று நீங்கள் உங்கள் மகனிடம் சொன்ன வார்த்தை எனக்கும் தெரியும். "அந்த வண்டியில ஏறி உக்காந்தவன் என் வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று சொன்னீர்கள். அவனும் உங்கள் மகனாயிற்றே, அன்றோடு சிவகிரிப் பக்கம் போகவில்லை. அத்தானை அவர் ஓட்டின லாரியே புளியங்குடி வளைவில் கொண்டுபோனதிலிருந்து வேகம் என்ற பேச்சே உனக்கு ஆகாது என்பது எனக்குத் தெரியாதா அக்கா? உன் மகன் சுந்தரராஜ் லேத் பட்டறையில் தறிக்குச் சாமான் கடைந்து கொடுத்துக்கொண்டு ஒழுங்காக இருந்திருக்கலாம். குவைத்தில் யாரோ ஷேக்கின் கார் ஷெட்டில் மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்த கடையநல்லூர் தாவூது ஒரு சிவப்புக் காரின் போட்டோவைக் காட்டி, "மாப்பிள, இதுக்குப் பேரு சூப்பர் காரு" என்று சொன்னது வினையாகப் போயிற்று. இரண்டு பேருமாக ஒன்றைச் செய்து சோழவரம் கார்ப் பந்தயத்துக்குக் கொண்டுபோகப் போகிறார்களாம். இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை. தெரியாததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அந்த வண்டியின் சோதனை ஓட்டம் ஒன்றுவிடாமல் எல்லாவற்றிலும் நான் கூட இருந்தேன். அதிகாரபூர்வமாகச் சொல்லுகிறேன், நீ பயப்படவே வேண்டாம். அந்த வண்டியால் ஒரு எறும்புக்கும் ஆபத்தில்லை. ஏனென்றால் அது ஓடுவதில்லை.

வண்டி எப்படியிருக்கும் என்று கேட்பாய். சிவப்பு நிறம். உயரம் நம் வீட்டு மாட்டுத் தொட்டி அளவு. கதவு கோழிக்கூட்டுக் கதவு மாதிரி மேல்நோக்கித் திறக்கும். உள்ளே போவதற்கு முதலில் தலையைக் கொடுத்து, பிறகு ஒரு காலைக் கொடுத்து, மிச்சத்தை யாராவது தள்ளிவிட வேண்டும். சீட்டு இரண்டே இரண்டு. இன்ஜின் முன்னால் இல்லை, சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. சூப்பர் கார் என்றால் அப்படித்தான் என்று தாவூது சொல்லுகிறான். முதல் சோதனையன்று நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, தெருவே முன்னால் கூடி நின்றது. வேகமான வண்டிக்குப் பத்திரமான இடம் பின்பக்கம்தான் என்று கணக்குப் போட்டு, பின்னால் போய் நின்றவன் நான் ஒருவன்தான். மருமகன் சாவியைத் திருகினான், போட்ட சத்தத்தில் தறி ஓட்டுகிறவர்கள் தறியை நிறுத்திவிட்டு வெளியே ஓடிவந்தார்கள். முதல் கியரைப் போட்டான். வண்டி பின்னால் பாய்ந்தது. இன்ஜினைத் திருப்பி வைத்தவன், உள்ளே ஒரு பல்சக்கரத்தையும் திருப்பி வைக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டானாம். ஆக நாலு கியரும் பின்னால் போவதற்கு, முன்னால் போக ரிவர்ஸ் கியர் ஒன்றுதான். நான் ஓடிப்போய்ப் தறிப் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் தொட்டிக்குள் குதித்தேன். வண்டி தொட்டிக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது, ஒரு குலுங்கல் இல்லை. வீட்டுக்கு வந்து வேட்டி காய்ந்ததும் அது என்னைக் கேட்காமல் தானாகவே நின்றது. மாரித்தாய் சிரித்த சிரிப்பு, கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்காத சிரிப்பு.

சரி, பல்சக்கரத்தைத் திருப்பிப் போட்டார்கள். அடுத்த சோதனை மேலநீலிதநல்லூர் ரோட்டில். நேரான ரோடு, இரண்டு பக்கமும் பருத்திக் காடு, குறுக்கே வர ஆள் கிடையாது. தாவூது ஒரு முனையில் துண்டை வீசுவான், நான் பாலத்தில் வாட்சும் விசிலுமாக நின்று நேரம் பார்க்க வேண்டும். எனக்குப் பழக்கமான வேலைதானே என்று பஸ்ஸுக்குப் போடுகிற மாதிரியே புறப்பாடு, வருகை என்று ஒரு டைம்ஷீட் போட்டு வைத்துக்கொண்டேன். துண்டு விழுந்தது, சிவப்பாக ஏதோ தெரிந்தது, பார்த்தால் வண்டி என் பக்கத்தில் வந்துவிட்டது. டைம்ஷீட்டில் இன்னும் நேரம் பாக்கி. லேட்டாக வருகிறவனையாவது மன்னிப்பேன், நேரத்துக்கு முன்னால் வருகிறவனை என் சர்வீஸில் நான் விட்டதே கிடையாது அக்கா, முன்னால் போக வேண்டிய பஸ்ஸின் சவாரியை அள்ளிக்கொண்டு போகிறவன் அவன். கை தானாக விசிலை எடுத்தது. ஒரு ஊது ஊதினேன். அவ்வளவு வேகத்தில் வந்த வண்டி கோடு போட்ட மாதிரி நின்றது.

"என்ன மாமா, யாரும் குறுக்க வந்துட்டாகளா?"

"டைம் ஆகல. ஓரமா நில்லு."

அவன் உடனே ஓரங்கட்டினான். நல்ல பிள்ளை. தாவூதுதான் மூச்சிரைக்க ஓடிவந்து, "அண்ணாச்சி, எவ்வளவு வேகமா வாரான்னு பாக்கத்தான இந்தப் பாடு, நீங்க வேகமா வந்துட்டான்னு பிடிச்சு வச்சிருக்கீகளே" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அதற்குள் ஒரு ஆட்டுக்கிடை வந்து சூழ்ந்துகொண்டது. ஒரு வெள்ளாடு வண்டி மேலேயே ஏறி நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. கிடைக்காரர் குனிந்து உள்ளே பார்த்து, "ஏன் தம்பி, ஒடம்பு சரியில்லையா, படுத்துக்கிட்டே போறீரு" என்று விசாரித்தார். அன்றைக்குச் சோதனை அதோடு முடிந்தது.

மூன்றாவது சோதனை கெட்டது என் வீட்டுக்காரியால். ரேடியேட்டரில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல், தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நம் ஊரில் யாருக்கு என்ன வந்தாலும் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசுவதுதானே வழக்கம். மாரித்தாய் அவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து, அம்மனை நினைத்து விரிசலில் மண்ணைக் குழைத்துப் பூசிவிட்டாள். சொன்னால் நம்பமாட்டாய், சொட்டு நின்றுவிட்டது. தாவூது கையெடுத்துக் கும்பிட்டு, "மதினி, குவைத்துல இதத்தான் டப்பாவுல அடைச்சு விக்கான்" என்றான். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வெளியே பூசினால் மட்டும் போதுமா, உள்ளுக்கும் கொடுத்தால்தான் பூரண குணம் என்று, ஒரு கைப்பிடி மண்ணை ரேடியேட்டர் தண்ணீரிலும் கரைத்து விட்டிருக்கிறாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. மேலநீலிதநல்லூர் தாண்டுவதற்குள் குழாயெல்லாம் அடைத்து, வண்டி இட்லிக்கொப்பரையாக ஆவி விட்டுக்கொண்டு நின்றது. திரும்பி வந்தது ஒரு ஜோடி உழவு மாட்டின் பின்னால். சூப்பர் காரை இழுத்த மாடு என்று அந்த மாட்டுக்காரர் இன்னும் பெருமை பேசிக்கொண்டு திரிகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத்தான் உன்னிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டும். வண்டிக் கதவு இரண்டும் மாட்டிக்கொண்டு திறக்கவே இல்லை. மருமகன் உள்ளே, நாங்கள் வெளியே. கண்ணாடி நாலு விரல் அளவுதான் இறங்கியது. தாவூது கம்பியை விட்டு நெம்பிக்கொண்டிருக்க, தங்கத்தாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முக்காலி போட்டு உட்கார்ந்து, தயிர்ச்சோற்றை உருட்டி உருட்டி அந்தச் சந்து வழியாக அவனுக்கு ஊட்டினாள். ஊட்டுகிற கையில் வளையல் இல்லை, பழையதை எல்லாம் கழற்றி வைத்துவிட்டாள், முதல் வளையல் உன் கையால்தானாம். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏலே, இது ஒரு வண்டியா? ஒவ்வொரு தடவையும் கொஞ்ச தூரம் போற, பிரேக்க அடிக்க. திரும்பப் போற, பிரேக்க அடிக்க. நிப்பாட்டி நிப்பாட்டிப் பாக்கதுக்கு எதுக்குலே சூப்பர் காரு? நின்னுக்கிட்டே இருக்கதுக்கு நம்ம மாட்டு வண்டி போதாதா?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் வாயில் இருந்த சோற்றை முழுங்கினான். பிறகு என்னைப் பார்க்காமல், முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ஓடுறது எல்லா வண்டியும் ஓடும் மாமா. அப்பா வண்டி அன்னைக்கு நின்னிருந்தாப் போதும்லா. இதுல பிரேக்குக்கு ரெண்டு லைன் தனித்தனியா போட்டிருக்கேன். ஒண்ணு போனா இன்னொண்ணு பிடிக்கும். எவ்வளவு வேகத்துல வந்தாலும் நிக்கணும். அதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

அக்கா, அந்தப் பிள்ளை வேகத்தைத் தேடிப் போகிறான் என்று நீயும் நினைத்தாய், நானும் நினைத்தேன். கஞ்சித் தொட்டிக்கு முன்னால் நின்றதும், என் விசிலுக்கு நின்றதும் அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. பள்ளிக்கூடம் படிக்கிற வயதில் தகப்பனைப் பறிகொடுத்தவன், இத்தனை வருஷம் மனசுக்குள் அந்த லாரிக்குப் பிரேக் செய்துகொண்டே இருந்திருக்கிறான். நம்மிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொன்னால் நீ அழுவாய் என்று சொல்லவில்லை. கதவு திறந்ததும், "அம்மைக்கு முழங்கால் எப்படியிருக்காம் மாமா" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் கை கழுவப் போய்விட்டான்.

ஆகவே, நடந்தது நடந்தபடி உனக்குத் தெரியப்படுத்திவிட்டேன். வண்டி இப்போது பட்டறையில் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கிறது. அது எங்கள் தெரு தாண்டாது, சிவகிரி எல்லையை மிதிக்காது, நானும் என் ஆயுசுக்கும் அதில் கால் வைக்க மாட்டேன். இது உன் தம்பி கொடுக்கிற வாக்கு. வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்துவிடு. டிரைவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன், உனக்கு ஜன்னல் ஓரம் உண்டு, வேகமாகப் போகமாட்டார், அந்தப் பஸ்ஸுக்கு அது முடியவும் முடியாது.

எருமைக்கு என் அன்பைச் சொல்லவும். சின்னவர்களாகிய எங்களை எந்தக் கோபத்திலும் ஆசீர்வதிக்க மறக்க வேண்டாம்.

தங்கள் பாதத்தை என்றும் மறவாத தம்பி,
சண்முகையா,
டைம்கீப்பர் (ஓய்வு).

பின்குறிப்பு: மேலே கொடுத்த வாக்கு அத்தனையும் ரத்து. ஒட்டினதைப் பிரித்து இதை நான் எழுதுவது உன் தெருவில், உன் வாசலுக்கு நேர் எதிரே, அந்த வண்டிக்குள் உட்கார்ந்து. முழங்கால் மோவாய்க்குப் பக்கத்தில் இருப்பதால் எழுத வசதியாகத்தான் இருக்கிறது. கடிதத்தை ஒட்டித் தபால்பெட்டியில் போடக் கிளம்பினேன். மருமகன் சாக்கை எடுத்துவிட்டு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். "ஏறுங்க மாமா, பெட்டி வரைக்கும் கொண்டு விடுதேன்" என்றான். பெட்டி வந்தது, போயும்விட்டது. "ஏலே, பெட்டி போகுதுலே" என்றேன். "தபால்ல போட்டா நாளைக்குத்தான் மாமா போகும். நாம இன்னைக்கே குடுத்திருவோம்" என்றான். பயந்தேன் அக்கா, பொய் சொல்லமாட்டேன். சந்தோஷமாகவும் இருந்தது. வாட்ச் கையில் இருந்தும் நேரம் பார்க்க மறந்துவிட்டேன், இந்த ஜென்மத்தில் அது முதல் தடவை. புளியங்குடி வளைவு வந்ததும் அவனாகவே ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தான். அப்புறம் கிளம்பினோம். வழியில் ஒரு ஆணிகூடக் கழலவில்லை. இப்போது உன் வாசல் கோலத்தில் ஒரு புள்ளி கலையாமல் நிறுத்தியிருக்கிறான்.

உன் பேச்சை அவன் மீறவில்லை. வண்டியில் ஏறினவன் உன் வாசப்படி மிதிக்கக் கூடாது என்றாய், அதனால் இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இனி படி தாண்ட வேண்டியது நீதான். கடிதத்தை எதிர்வீட்டம்மாளிடம் கொடுத்தனுப்புகிறேன். ஜன்னல் கதவு ஆடுகிறது, நீ பார்த்துக்கொண்டுதான் நிற்கிறாய். சீட்டு இரண்டுதான், என்னுடையது உனக்கு. என்னை வெளியே இழுத்துப்போட இரண்டு ஆள் மட்டும் அனுப்பு, நான் பஸ்ஸில் வந்துகொள்கிறேன். தங்கத்தாய்க்கு நீ எப்போதோ வளையல் வாங்கிப் பெட்டிக்குள் வைத்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஏறு. கண்ணாடி வளையல்தான் என்று யோசிக்காதே, ஒன்றுகூட உடையாது. உன் மகனுக்கு நிறுத்தத் தெரியும்.