துக்க வீட்டு வைஃபை

சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்று போனைப் பார்த்தார் எலியோ. ஒரே ஒரு கோடு. அதுவும் இருக்கலாமா போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அடுப்படியில், ரவுட்டர் பக்கத்தில் போனால் எல்லாக் கோடும் இருந்தது. ஆனால் செத்துப்போன மனைவி நெனிதாவை அடுப்படிக்குக் கொண்டுபோக முடியாதே. கூடத்தில் இறக்கிய பெட்டியை நகர்த்தினால் வீட்டில் இன்னொரு சாவு விழும் என்று மைத்துனி மறித்துக்கொண்டு நின்றாள்.

நாளைக் காலையில் அடக்கம். ஒரே மகன் ரோடெல் சரக்குக் கப்பலில் இருந்தான். இன்று மாலை நாலு மணிக்குக் கப்பல் ஒரு துறைமுகத்தில் கொஞ்ச நேரம் நிற்கும். அம்மாவை அவன் பார்ப்பதென்றால் அப்போதுதான். முந்தாநாள் வேறொரு துறைமுகத்திலிருந்து கூப்பிட்டபோது படம் உறைந்துபோய், அம்மாவின் பாதி மூக்கை மட்டும் பார்த்துவிட்டு அழுதான். பெற்ற பிள்ளைக்கு வந்த கதி அது.

சேதி கேட்டு இன்று காலையிலேயே ஆம்போய் ஓடி வந்தான். ரோடெலுக்கு ஞானத்தகப்பன், அந்த உறவில் எலியோவை 'பாரே' என்று கூப்பிடுபவன், இலொய்லோ நகரக் கடைத்தெருவில் மின்சாமான் கடைக்காரன். சிக்னலை வாங்கி அந்தப் பக்கம் தள்ளிவிடும் ரிப்பீட்டர் ஒன்றைச் சுவரில் மாட்டினான். கோடு நிறைந்தது, படம் நொண்டியது. வாங்கித் தள்ளுவதிலேயே பாதி வேகம் போய்விடுமாம். மாட்டிய பிறகு சொன்னான் மகராசன்.

அடுத்து, ஆறு ஆன்டெனா முளைத்த புது ரவுட்டர். அது தெருமுனை வரைக்கும் எட்டியது. துக்கத்துக்கு வந்தவர்கள் எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்லக்கூடாது. அதனால் காபி, பிஸ்கட்டோடு பாஸ்வேர்டும் போனது. பாஸ்வேர்டு நெனிதாவின் பெயர்தான். பாதிப் பேர் அவளுக்காகச் செய்த ஜெபமே அதைத் தட்டியதுதான்.

கடைசியாக, பெட்டிக்கு நேர் மேலே கூரையில் தட்டு மாதிரி, வைஃபையைப் பரப்பும் ஒரு ஆக்சஸ் பாயின்ட். எத்தனை பேர் வந்தாலும் தாங்கும் என்றான் ஆம்போய். தாங்கித் தொலைத்தது. மூன்று தெரு ஜனமும் வந்து உட்கார்ந்தது. நாற்காலி போதாமல் பள்ளிக்கூடத்திலிருந்து இரவல் வாங்கினார்கள்.

ஊரில் ஒரு சாவையும் விட்டவளில்லை நெனிதா. நாம போனாத்தானே நாளைக்கு நமக்கு நாலு பேர் வருவாங்க என்று மகனிடம் சொல்லிச் சொல்லியே ஓய்ந்தாள். கூட்டத்தைப் பார்த்துவிட்டு எலியோ பெட்டியை ஒரு தடவை பெருமையாகப் பார்த்தார். பிறகுதான் கவனித்தார், அத்தனை தலையும் உள்ளங்கையைப் பார்த்துக் குனிந்திருந்தது. பரிசோதனைக்குப் போட்ட வீடியோ காலில் படமோ அசையவே இல்லை.

"உள்ள எத்தனை அண்டா வச்சாலும் வெளியேருந்து வர்ற குழாய் ஒண்ணுதானே, பாரே" என்றான் ஆம்போய்.

"இதை மூணு சாமானையும் என் தலையில கட்டின பிறகு சொல்றியா?"

மணி நாலை நெருங்கியது. எலியோ அடுப்படிக்குப் போய்ப் பாஸ்வேர்டை மாற்றினார். கூடத்தில் எல்லோரும் போனை உதறிப் பார்த்தார்கள், நிமிர்ந்தார்கள். சிலர் பெட்டியை அப்போதுதான் பார்த்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு போகும் வழக்கமில்லை, வீட்டுக்காரர் வழியனுப்பவும் கூடாது. ஆம்போய் ரிப்பீட்டரைக் கழற்றிக்கொண்டு கடைக்குப் போனான். மைத்துனி பாதிரியாரைப் பார்க்கப் போயிருந்தாள்.

போன் அடித்தது. படம் கண்ணாடி மாதிரி வந்தது. ரோடெல் அம்மாவை ஆசைதீரப் பார்த்தான், வராததற்கு மன்னிப்புக் கேட்டான், திரையைத் தடவினான். எலியோவும் மனசு விட்டு அழுதார். வைராக்கியமாக நின்று ஜெயித்துவிட்டோம் என்று இருந்தது அவருக்கு.

"கொஞ்சம் சுத்திக் காட்டுங்கப்பா."

எலியோ போனைக் கூடம் முழுக்கத் திருப்பினார். வாசல் வரைக்கும் வரிசை வரிசையாக நாற்காலிகள்.

"அப்பா... அம்மாவுக்கு யாருமே வரலையா?"