மாப்பிள்ளையின் காரை எடுத்துப் போவது குறித்து

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் எங்கள் வயதுக்கு எவ்வளவு நலமாக இருக்கலாமோ அவ்வளவு நலம். நீங்களும் என் மகளும் அங்கே அதைவிடச் சற்றுக் கூடுதலான நலத்துடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் "சரி மாமா, பாத்துக்கலாம் மாமா" என்று முடித்துவிடுகிறீர்கள். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

விஷயம் உங்கள் கார். எட்டு மாதம் முன்பு வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது, "உங்க குடியிருப்புக் கீழ சும்மா நிக்கட்டும் மாமா, வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அணைச்சாப் போதும், திருட்டு பயமே வேண்டாம், கம்பெனியிலயே அலாரம் வச்சுக் குடுத்திருக்காங்க" என்று சாவியை என் கையில் திணித்துவிட்டுப் போனீர்கள். அந்த அலாரம் இதுவரை ஒரே ஒருவனைத்தான் திருடன் என்று அடையாளம் காட்டியிருக்கிறது. அது நான்.

முதலில் சாவியிலிருந்த பொத்தான் செத்தது. அதற்குள் ஒரு குட்டி பேட்டரி இருக்கிறது, அது தீர்ந்துபோகும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? சாவிக்குள் ஒளிந்திருந்த இரும்புச் சாவியை இழுத்து, மரியாதையாகத்தான் கதவைத் திறந்தேன். உடனே நாலு பக்கமும் விளக்கு மின்ன, கார் ஊரைக் கூட்டியது. முப்பத்தோரு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதியவன் நான். ஆளில்லாத வீட்டுக் கொல்லையில்கூட நின்றிருக்கிறேன், ஒருவர் என்னைச் சந்தேகப்பட்டதில்லை. அன்று, வேலைக்குச் சேர்ந்து நாலு நாள்கூட ஆகாத காவலாளி ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"யாரு வண்டி இது?"

"என் மாப்பிள்ளை வண்டிப்பா."

"அவரை வரச் சொல்லுங்க."

"வெளிநாட்டுல இருக்காரு."

"பிடிபட்டா எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க."

அந்த நேரம் பார்த்து என் சட்டைப்பையில் போன் அடித்தது. நீங்கள்தான். கார் கத்தினால் உங்கள் போனுக்கு அந்த நொடியே தகவல் போய்விடுமாம். எனக்குக் கண் அறுவை நடந்தபோது மூன்றாம் நாள்தான் கூப்பிட்டீர்கள். காருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "மாமா, வண்டிக்கு ஒண்ணும் ஆகலயே?" என்றீர்கள். ஒரு கீறலும் இல்லை என்றேன். என் மணிக்கட்டில் இருந்ததைப் பற்றி நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாள் கம்பெனி மெக்கானிக்கை வரவழைத்தேன். நல்ல மனிதர். சாவிக்குப் புது பேட்டரி போட்டுக்கொண்டே காரின் தரப்பில்தான் பேசினார். "வண்டி மேல தப்பில்ல பெரியவரே. பொத்தானை அமுக்கித் திறந்தா நீங்க சொந்தக்காரர். வெறும் இரும்பால திறந்தா திருடன். சாவித் தலைக்குள்ள அரிசி மாதிரி ஒரு சிப் இருக்கு, சாவியைச் சொருகித் திருப்பியிருந்தா வண்டி அதை விசாரிச்சுட்டு வாயை மூடியிருக்கும். தப்பான சிப்னா என்ஜினே கிளம்பாது. கதவு, பானெட், டிக்கி எல்லாத்துலயும் ஒரு சுவிட்ச். கூரையில இருக்குதே ரெண்டு கண்ணு, அது காதுக்குக் கேக்காத சத்தத்தை அனுப்பிட்டே இருக்கும், உள்ள எது அசைஞ்சாலும் பிடிச்சுடும். வண்டியத் தூக்கினாலோ சாய்ச்சாலோ அதுக்குத் தனி கருவி."

"ஆளையும் பிடிச்சு வைக்குமா?" என்றேன்.

"கத்துறது வரைக்கும்தான் வண்டி வேலை. ஓடி வர்றது மனுஷங்க வேலைங்க."

மனுஷங்க ஓடி வந்த அழகை அடுத்த வாரம் பார்த்தேன். பின்சீட்டில் குனிந்து தூசி தட்டிக்கொண்டிருந்தேன். நான் மேலே போய்விட்டதாக நினைத்த உங்கள் அத்தை, கதவைச் சாத்திப் பொத்தானை அமுக்கிவிட்டு, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள். வெளியே பூட்டினால் உள்ளேயிருந்து திறக்காத வண்டி அது. என் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. கூரையிலிருந்த இரண்டு கண்ணும் என்னையே பார்த்தன. அசையாமல் இருந்தால் சத்தம் இருக்காது என்று மூச்சைக்கூட அளந்து விட்டேன். தட்டிய தூசி மூக்கில் ஏறியது. தும்மினேன்.

கார் அலறியது. பரவாயில்லை, இப்போதாவது யாராவது வருவார்கள் என்று நானும் கண்ணாடியைத் தட்டினேன். முதல் மாடியில் ஒரு ஜன்னல் சாத்திக்கொண்டது. பிறகு இரண்டாம் மாடி. மூன்றாம் மாடித் தையல்காரம்மா எட்டிப் பார்த்து, என் பக்கம் கையை ஆட்டி ஏதோ திட்டிவிட்டு உள்ளே போனார். காவலாளிக்கு என் முகம் பழகிவிட்டதால், தூரத்திலிருந்தே ஒரு வணக்கம் வைத்தான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நாற்பது நிமிடம், மாப்பிள்ளை. என்னைத் திருடன் என்று நினைத்திருந்தாலாவது ஓடி வந்திருப்பார்கள்.

உங்கள் அத்தை கடையிலிருந்து வந்து திறந்துவிட்டதும் நேராகப் பானெட்டைத் திறந்து பேட்டரி வயரைப் பிடுங்கினேன். அந்த அலாரச் சங்குக்குச் சொந்தமாக வேறொரு பேட்டரி இருக்கிறதாம், வயரைப் பிடுங்கினால்தான் அதற்கு ரோஷமே வருமாம். அது ஓய்வதற்குள் குடியிருப்புச் செயலாளர், காரை அப்புறப்படுத்தச் சொல்லிப் பதினான்கு கையெழுத்துடன் ஒரு மனு கொண்டு வந்தார். பதினைந்தாவதாக உங்கள் அத்தையின் கையெழுத்து.

எனவே முடிவாகச் சொல்கிறேன். மெக்கானிக் வயரைத் திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டார், கார் கோளாறு ஒன்றும் இல்லாமல் நிற்கிறது. பத்து நாளுக்குள் யாரையாவது அனுப்பி எடுத்துப் போய்விடுங்கள். அதை எந்தத் திருடனும் தொடமாட்டான், அவனுக்கும் காது இருக்கிறது. இனி ஒரு நாள் அது இங்கே நின்றாலும், நான் உங்கள் மாமனார் இல்லை, நீங்கள் என் மாப்பிள்ளை இல்லை.

என் மகளுக்கு என் ஆசிகள். அவளுக்கு நேரம் கிடைக்கும்போது பேசச் சொல்லுங்கள். உங்களுக்கும் நீண்ட ஆயுளும் நல்ல உடம்பும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
அன்பு குறையாத (இதுவரை) மாமனார்

பி.கு.: ஆள் அனுப்ப வேண்டாம். கார் போய்விட்டது.

அரை மணி நேரம் முன்பு இழுவை வண்டி ஒன்று வந்ததாம். சீருடை போட்ட இரண்டு பேர் உங்கள் காரைக் கொக்கி மாட்டித் தூக்கியிருக்கிறார்கள். மெக்கானிக் சொன்னபடியே, சாய்த்த நொடியில் கத்தியிருக்கிறது, கத்திக்கொண்டே போயிருக்கிறது. நான்தான் ஆள் வைத்து அனுப்புகிறேன் என்று நினைத்துத் தையல்காரம்மா இறங்கி வந்து, திருடர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாராம். செயலாளர் பின்னால் நின்று தள்ளினாராம். காவலாளி கேட்டைத் திறந்து சல்யூட் அடித்தானாம். பிறகு எல்லோருமாக எனக்கு நன்றி சொல்ல மேலே வந்தார்கள். அப்போதுதான் எனக்கே தெரியும்.

எழுதும்போது தொந்தரவு வேண்டாமென்று போனை அணைத்து வைத்திருந்தேன். திறந்தால் உங்களிடமிருந்து பதினேழு அழைப்புகள். உங்களோடு பேச எனக்குத் தெம்பில்லை. அதனால் இந்தக் கடிதத்தையே படம் எடுத்து அனுப்பும்படி உங்கள் அத்தையிடம் கொடுக்கிறேன்.

ஒன்றை மட்டும் மறைக்க மாட்டேன். மணிக்கட்டு விஷயத்தை எழுதிக்கொண்டிருந்தபோதே அது கத்துவது எனக்குக் கேட்டது. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு மீதியை எழுதினேன்.