தானாக அம்பு பூட்டிக்கொள்ளும் வில்லுக்கு ஒப்புதல் கிடைத்த விதம்

சனிக்கிழமை மத்தியானம் அலுவலகத்தில் யாரும் இருக்கமாட்டார்கள் என்பதால், கூட்ட அறையில் நாங்கள் நாலு பேர் டிராகனும் பூதமும் மந்திரவாதியும் வரும் ஒரு விளையாட்டை விளையாடுவது வழக்கம். மேசைமேல் பகடை, கட்டைவிரல் உயரத்துக்குப் பொம்மைகள். மேலாளர் கதை சொல்லி நடத்துவார், எதிரிகளாகவும் அவரே பேசுவார். மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு வேடம். வாரம் பூராவும் ஜனங்களை அலையவிட்ட களைப்பு தீர, கொஞ்ச நேரம் அவர்களைக் காப்பாற்றும் வீரர்களாக இருந்துவிட்டு வீட்டுக்குப் போவோம்.

நான் தபால் பிரிவு, விளையாட்டில் மந்திரவாதி. தணிக்கைக்காரர் வாள்வீரர். இதுவரை வாளை உறையிலிருந்து எடுத்தவரில்லை, தேய்மானம் ஆகிவிடுமாம். ஸ்டோர்ஸ் அக்காவுக்குக் குள்ள வில்லாளி. மகளைக் கட்டிக்கொடுத்து வீடு வெறிச்சென்று போன வருஷம் அக்கா அந்தப் பொம்மையைக் கையில் எடுத்தார். தம்பி என்று பேர் வைத்து, சிவப்புத் துணியில் ஒரு குட்டிச் சட்டையும் தைத்துப் போட்டார். வேடம் செத்துவிட்டால் பொம்மை பெட்டிக்குள் போய்விடும், மறுபடி மேசைக்கு வராது. அது எங்கள் ஆட்டத்தின் சட்டம்.

ஒரு சனிக்கிழமை தம்பி மலைமேல் டிராகன் முன்னால் தனியாக மாட்டிக்கொண்டான். ரெண்டு அம்பு பட்டால் டிராகன் காலி. ஆனால் தம்பி வைத்திருந்தது குறுக்குவில். ஓர் அம்பு விட்டபின் நாணை இழுத்து மாட்டி அடுத்த அம்பைப் பூட்ட ஒரு சுற்று ஆகும், அதற்குள் டிராகன் நெருப்பைக் கக்கிவிடும். டிராகன் வாயைத் திறந்தாயிற்று என்று மேலாளர் அறிவித்தார்.

"சார், ஒரு வாரம் டைம் குடுங்க. தானா அம்பு பூட்டிக்கிற வில்லு ஒண்ணு யோசிச்சிட்டு வரேன்," என்றார் அக்கா. புது ஆயுதம் வடிவமைக்க விதியில் இடம் இருந்தது.

மறுவாரம் அக்கா வரைந்து கொண்டுவந்ததைப் பார்த்து எனக்குப் பொறாமையாகவே இருந்தது. வில்லின் மேல் ஒரு அம்புப் பெட்டி, அடியில் சாவி கொடுத்துவைத்த ஒரு ஸ்பிரிங். அம்பு பாய்ந்ததும் ஸ்பிரிங் ஒரு பற்சக்கரத்தைச் சுழற்றி நாணை இழுத்து மாட்டும். உடனே அடுத்த அம்பு பள்ளத்தில் வந்து விழும். 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும். ஆனால் நாங்கள் பொறுப்பானவர்கள்.

"நாண் தானா ஏறிடுச்சுன்னா தம்பியோட வலது கைக்கு என்ன வேலை?" என்று தணிக்கைக்காரர் கேட்டார்.

"சும்மா இருக்கும்."

"சும்மா இருக்கிற கையை எந்தக் கணக்குத் தலைப்புல காட்டுறது?"

கேள்வி நியாயமானது என்பதால் குழு போடப்பட்டது. குழு என்பது நாங்களேதான். எங்கள் அலுவலக வாசலில் டோக்கன் தரும் தானியங்கி இயந்திரம் ஒன்று இருக்கிறது. அதன் பொத்தானை அமுக்க ஓர் ஆளும் இருக்கிறார். அந்த முன்னுதாரணப்படி, வில் தானாக இயங்குவதற்கு வேண்டிய பொத்தானை அமுக்க ஒரு குட்டிச்சாத்தானை நியமிப்பதாக முடிவாயிற்று. மந்திரவாதி என்ற முறையில் நானே அதை வரவழைத்துப் பணியில் சேர்த்தேன்.

பிறகு, பாதிக்கப்படவிருக்கும் தரப்பைக் கேட்காமல் முடிவெடுப்பது முறையா என்ற பிரச்சினை எழுந்தது. மேலாளர் எதிர் நாற்காலிக்கு மாறி உட்கார்ந்து, டிராகனாகத் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கொள்கை அளவுல எனக்கு ஆட்சேபணை இல்ல. எதுவா இருந்தாலும் முறைப்படி நடக்கட்டும்." எவ்வளவு பண்பான டிராகன் என்று நாங்கள் வியந்தோம். பரிசீலனை முடியும்வரை வாயை மூடிக்கொள்ள அதற்கு இடைக்கால அனுமதியும் அளித்தோம்.

பல சனிக்கிழமைகள் கழித்து வில்லுக்கான விதியின் இறுதி வாசகம் தயாரானது. மேலாளர் அதை உரக்கப் படித்து, யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

அக்கா பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் சர்வீஸ் முழுக்க ஸ்டோர்ஸில் இருந்தவர் அவர். தீர்ந்த பேனாவைக் கொடுத்தால்தான் எங்கள் அலுவலகத்தில் புதுப் பேனா கிடைக்கும். அந்த விஷயத்தில் அக்கா மேலாளருக்கே தளர்வு காட்டியதில்லை, அவரைக் குப்பைக்கூடையைக் கிளறவைத்திருக்கிறார்.

"ஒண்ணு விட்டுப்போச்சு சார். அடிச்ச அம்பைத் திருப்பிக் குடுத்தாத்தானே அடுத்த அம்பு விழணும்? இல்லன்னா கண்டபடி அடிச்சுத் தீத்துருவானே."

"இத்தனை நாளா ஏதோ குறையுதேன்னு இருந்துச்சுக்கா. இதுதான் அது," என்றார் தணிக்கைக்காரர், நெகிழ்ந்துபோய். திருத்தம் ஏகமனதாக நிறைவேறியது. கை தட்டினோம், அக்காவும் தட்டினார்.

டிராகன் மறுபடி வாயைத் திறந்தது. தம்பி விட்ட முதல் அம்பு அதன் நெஞ்சில் ஆழமாகத் தைத்தது. குட்டிச்சாத்தான் பொத்தானை அமுக்கிற்று. சக்கரம் சுழன்றது, நாண் ஏறியது. அம்பு மட்டும் விழவில்லை. பழைய அம்பு வந்து சேரவில்லையே.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அந்த விதியை எழுதியவர்கள் நாங்கள், அதை நீக்கிவிட வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை. இருந்தும் ஒருத்தரும் பேனாவை எடுக்கவில்லை. அக்கா ரெண்டு விரலால் தம்பியை மெல்ல நகர்த்தி டிராகனின் மார்புக்கு அருகில் கொண்டுபோனார். அம்பை உருவ வசதியாக டிராகன் சற்றுக் குனிந்து கொடுத்தது. அவன் உருவி முடித்த பிறகே நெருப்பைக் கக்கியது.

அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சார், போகும்போது அந்த அம்பு அவன் கையிலதானே இருந்துச்சு?" என்று கடைசியில் அக்கா கேட்டார்.

"கையிலதாம்மா இருந்துச்சு."

"அப்பச் சரி. அவன் பேர்ல பாக்கி எதுவும் இல்ல." பொம்மையின் சட்டையை நீவிவிட்டுப் பெட்டிக்குள் வைத்தார்.

அதைக் கேட்டதும் எங்கள் எல்லோருக்கும் மனசு லேசாகிவிட்டது. டிராகன் மலையிறங்கி ஊருக்குள் போய்க்கொண்டிருப்பதாக மேலாளர் சொன்னார். ஊர் வேறு பிரிவில் வருவதால், ஃபேனை அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினோம்.