லொறி நானாவும் கட்டைவிரல் தவளையும்

கற்பிட்டிக்கும் அநுராதபுரத்துக்கும் இடையில் லொறி நானாவைப் போலத் தைரியசாலியை நான் கண்டதில்லை. அவரைப் போலப் பயந்தாங்கொள்ளியையும் கண்டதில்லை.

போர் முடிந்து சில வருடங்களில் எனக்குக் கற்பிட்டியில் ஆசிரியை நியமனம் கிடைத்தது. முன்னேஸ்வரத்திலிருந்து தினமும் போய்வர முடியாமல் நானா வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தேன். கருவாடு ஏற்றும் லொறி அவருடையது. தாடி மார்பைத் தொடும். குரல் கடலைத் தொடும். அநுராதபுரப் பாதையில் யானை மறித்தால், இறங்கிப் போய், "மகன், ஒதுங்கு. கருவாடு நாறப் போகுது" என்பாராம். ஏற்கெனவே நாறுகிற சரக்கைப் பற்றி இப்படிச் சொன்னால் யானைதான் என்ன செய்யும்? ஒதுங்குமாம்.

கோழிக்கூட்டுக்குள் புகுந்த கபரகொயாவை, ஆள் நீளத்துக்கு இருந்த அந்த நீருடும்பை, நானா வாலைப் பிடித்து இழுத்து வேலிக்கு அப்பால் வீசியதை நானே பார்த்தேன். பிறகு கையைக் கழுவிவிட்டுத் தேத்தண்ணி கேட்டார்.

அதே நாள் மாலை மழை. குளியலறையில் ஓர் அலறல். இடுப்பில் ஈரச் சாரமும் உடம்பெல்லாம் சவர்க்கார நுரையுமாக ஓடிவந்த நானா, ஹோலில் கதிரைமேல் ஏறி நின்றார்.

"அது வந்தீக்கிது."

"எது?" என்றார் அவர் மனைவி. ராத்தா என்றுதான் நான் அவரை அழைப்பேன்.

"அதுதான்!"

பெயரைக்கூடச் சொல்லமாட்டார். உள்ளே போய்ப் பார்த்தேன். தண்ணீர்க் குழாயின்மேல் கட்டைவிரல் அளவில் ஒரு தவளை, அரைக்கண் மூடி உட்கார்ந்திருந்தது. சிரட்டையில் ஏந்திக்கொண்டுபோய் வாழையடியில் விட்டேன். அன்றுமுதல் அது என் உத்தியோகமாயிற்று.

"கபரகொயாவைப் பிடிக்கிற ஆள் இதுக்கா பயப்படுறீங்க?"

"டீச்சர், கபரகொயா எந்தப் பக்கம் ஓடும் எண்டு பார்த்தாலே விளங்கும். இது எந்தப் பக்கம் பாயும் எண்டு அதுக்கே தெரியாது."

சிரட்டையைக் கழுவி, அடுத்த மழைக்கென்று குளியலறை வாசலில் வைத்தேன்.

மகள் சபீனாவின் கல்யாணம் மாரி காலத்தில் வந்தது. நானா கலங்கிப்போனார். புத்தளத்திலிருந்து மூட்டை மூட்டையாக உப்பைக் கொண்டுவந்து, தவளை தாண்டாதபடி வீட்டைச் சுற்றி அணை கட்டினார். மழை அதைக் கரைத்தது. ராத்தாவின் செவ்வரத்தையும் கறிவேப்பிலையும் கருகின. முற்றத்தில் இருக்க முடியாத தவளைகள் எல்லாம் குடும்பத்தோடு வீட்டுக்குள் வந்து சேர்ந்தன.

"நீங்களே கல்யாணத்துக்குக் கூப்பிட்டுட்டீங்க" என்றார் ராத்தா.

நிக்காஹ் அன்று ஹோலில் ஆண்கள், அறைத் திரைக்குப் பின்னால் பெண்கள். நானும் ராத்தாவும் திரையின் ஓரத்தை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். நானா மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வாசகத்தைத் தொடங்கினார்.

"என் மகள் சபீனாவை..."

மேலே கட்டியிருந்த பூச்சரத்திலிருந்து பொத்தென்று ஏதோ விழுந்தது. நானாவின் மணிக்கட்டில்.

"யா அல்லாஹ், இந்த மனிசன் இப்ப ஓடிருவார்" என்று ராத்தா என் தோளைப் பிடித்தார்.

நானா ஓடவில்லை. முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. தாடியில் வியர்வை சொட்டியது. தவளை நிதானமாக நகர்ந்து அவருடைய ஜுப்பாவின் கைக்குள் நுழைந்தது. நானா கண்களை இறுக மூடினார்.

"உமக்கு நிக்காஹ் செய்து தந்தேன்!"

அந்தச் சத்தத்துக்குக் கடலில் போன வள்ளங்கள் கரைக்குத் திரும்பியிருக்கும். நடுங்கிப்போன மாப்பிள்ளையும் அதே சத்தத்தில், "ஏற்றுக்கொண்டேன்!" என்று கத்தினார். அதற்குப் பிறகுதான் நானா கையை எடுத்தார். ஜுப்பாவைக் கழற்றிப் பாயில் எறிந்துவிட்டு, பெனியனோடு பாய்ந்துபோய் லொறியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

தவளையை வாழையடியில் விட்டுவிட்டு லொறியடிக்குப் போனேன்.

"அப்பவே கையை உதறியிருக்கலாமே, நானா?"

அவர் என் பக்கம் திரும்பவில்லை. "கையை எடுத்தீந்தா, வாப்பா மனசில்லாமத் தாறார் எண்டு புள்ள நினைச்சீக்கும், டீச்சர்."

"மனசோடதானே குடுத்தீங்க?"

"இல்ல" என்றார் நானா. பெரிய தோள்கள் குலுங்கத் தொடங்கின.

சாப்பிடக் கூப்பிட வந்தவர்களிடமெல்லாம், லொறிக்குள் இன்னொரு தவளை இருக்கிறது, பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டு, அவர் அழுது முடிக்கும்வரை கதவருகிலேயே நின்றேன்.