முடியாது என்று சொல்லத் தெரியாத தபால்காரன்

ஓர்ஹூஸ், வியாழக்கிழமை

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய வீபெக்கா அத்தைக்கு எஸ்கில் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் நலமா என்று கேட்கத்தான் பயமாக இருக்கிறது. உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

தரைத்தளத்து வீட்டுக்காக ஒன்பது வருடமாக வரிசையில் காத்திருக்கிறீர்களே, அந்த வரிசையை நடத்தும் மென்பொருள் எங்கள் கம்பெனியுடையது. வீடு காலியானால் வரிசையில் முன்னால் இருப்பவர்களுக்கு மின்னஞ்சல் போகும். ஒரு வாரத்துக்குள் பதில் சொல்லாதவரை அது வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிடும். அந்த மின்னஞ்சலை அனுப்பும் பகுதியைப் போன மாதம் திருத்தி எழுதியவன் உங்கள் அருமை மருமகன்.

எழுதினால் சோதிக்க வேண்டும். நிஜ மின்னஞ்சலை அனுப்பிச் சோதித்தால் ஊரே அடிக்க வரும் என்று, எல்லோரையும் போல நானும் நிரலிலேயே ஒரு பொய்த் தபால்காரனைச் செய்தேன். எங்கள் தொழிலில் அவனுக்கு மாக், அதாவது போலி, என்று பெயர். எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு "அனுப்பியாச்சு" என்பான், எதையும் அனுப்பமாட்டான், என் நிரல் அவனைக் கூப்பிட்டதா என்று மட்டும் சோதனை பார்க்கும், கூப்பிட்டது, எல்லாம் பச்சை, நானும் மனசு நிறைந்து வீட்டுக்குப் போனேன். நிஜத் தபால்காரனுக்கு வாய் உண்டு, அத்தை. முகவரி இருக்க வேண்டிய இடத்தில் பெயரை வைத்திருந்தேன். நிஜ வேலைக்கு விட்டதும் "முடியாது" என்றான். அதைக் காதில் வாங்குற வரியை நான் எழுதவே இல்லை, ஏன்னா என் பொம்மை ஒருநாளும் முடியாதுன்னு சொன்னதில்லையே! என் நிரல் பாட்டுக்கு "அனுப்பியாச்சு"ன்னு பதிஞ்சுக்கிட்டு அடுத்த ஆளுக்குப் போயிடுச்சு. யாருக்கும் எதுவும் போகலை. பதில் வரலைன்னு எல்லாரையும் கடைசிக்குத் தள்ளிடுச்சு. நேத்துப் பார்த்தேன். கடைசிக்குப் பக்கத்துல உங்க பேரு.

இன்னைக்குக் காலையில மேலாளர் பிரெபென்கிட்ட போய்ச் சொன்னேன்.

"சரி விடு. நம்ம ஆபீஸ் வழக்கப்படி சொதப்பினவன் கேக் வாங்கணும். நாளைக்குக் கொண்டுவா."

"அந்த ஜனங்க?"

"அனுப்பியாச்சுன்னு பதிஞ்சிருக்குல்ல? குப்பை அஞ்சல்ல விழுந்திருக்கும்னு அவங்களே நினைச்சுக்குவாங்க."

பக்கத்து மேசை சிக்னே தலையைத் தூக்காமலே சொன்னாள்: "ஜனம் நிறைய, எஸ்கில். பெரிய கேக்கா வாங்கு."

நான் கேக் கடை நம்பரைத் தேட ஆரம்பிச்சேன்.

ஆகவே அத்தை, வலிக்காத உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். புகார் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். என் வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. போனால், வாடகை கட்ட வழியில்லாமல் அதே வரிசையில் உங்களுக்குப் பின்னால் நானும் நிற்பேன். உங்கள் பெயரை மட்டும் எப்படியாவது சத்தமில்லாமல் மேலே ஏற்றப் பார்க்கிறேன்.

அதுவரை மூன்று மாடியும் நீங்கள் பத்திரமாக ஏறி இறங்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
உங்கள் மருமகன்
எஸ்கில்

பி.கு.: இன்று வெள்ளி. கேக் வெட்டியாயிற்று. தட்டை நீட்டிக்கொண்டே பிரெபென் சொன்னார்: "பயப்படாதேடா. தரைத்தளம் கேக்குறதெல்லாம் கிழடு, நொண்டி. அதுங்க எங்க மாடி இறங்கி வந்து புகார் கொடுக்கப்போகுது?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அத்தை, வேலை போவதைவிட அந்தச் சிரிப்புதான் எனக்குப் பெரிய பயமாகிவிட்டது. மேலே கெஞ்சியதை மறந்துவிடுங்கள். இந்தக் கடிதத்தை அப்படியே குடியிருப்புப் புகார்களை விசாரிக்கும் குழுவிடம் கொடுப்போம், வரிசையில் இருந்த எல்லோருக்காகவும். திங்கள் காலை வருகிறேன், சேர்ந்தே மாடி இறங்கலாம். கைப்பிடியை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். நான் உங்களைப் பிடித்துக்கொள்கிறேன்.