கடைமடைக்கு வந்த பி.எம்.டபிள்யூ

சகாயராஜுக்குப் பொய் சொல்ல வராது. அதற்காக அவர் சொல்லாமல் இருந்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து மனைவி விண்ணரசியிடம் அவர் சொன்ன எந்தப் பொய்யும் சாயங்காலம் வரை தாங்கியதில்லை. அப்பேர்ப்பட்டவர் இந்தப் புரட்டாசியில் ஒரு பெரிய பொய்யைத் துணிந்து கையில் எடுத்தார் என்றால், அதற்குக் காரணம் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் கிடந்த ஒரு பழைய பி.எம்.டபிள்யூ.

தஞ்சாவூரில் ஒரு டாக்டர் வீட்டிலிருந்து மலிவாக வந்த கார் அது. கருநீலம். மேலே ஒரு கீறல் கிடையாது, உள்ளே எஞ்சினும் வயரிங்கும் வெந்து போயிருந்தன. பேராவூரணிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் லேப் உதவியாளரான சகாயராஜ், வேலை விட்டு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அதில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். விண்ணரசி டீயை ஜன்னல் வழியாக நீட்டுவாள். எதுவரைக்கும் போயிட்டீங்க என்று கேட்பாள். திருச்சி தாண்டியாச்சு என்பார். அவளும் தம்ளரை வாங்கிக்கொண்டு போய்விடுவாள்.

தஞ்சாவூர் பைபாஸ் ஓரம் காயலான் கடை வைத்திருக்கும் அஸாரிடம் இன்னும் இரண்டு பி.எம்.டபிள்யூ கிடந்தன. ஒன்றை லாரி பின்னாலிருந்து மோதிப் பாதியாக்கியிருந்தது. அதன் வயரிங்கை யாரோ முன்பே கழற்றிப் போயிருந்தார்கள், டீசல் எஞ்சின் மட்டும் புதுக் கருக்கு மாறாமல் இருந்தது. இன்னொன்றின் தலைமேல் கஜா புயலில் தென்னை விழுந்திருந்தது. அதில் வயரிங், கம்ப்யூட்டர், டேஷ்போர்டு, சாவி எல்லாம் பத்திரம். எஞ்சின் அதிலிருந்து, மூளை இதிலிருந்து, உடம்பு கொட்டகையிலிருந்து. செத்த கார்கள் மூன்றைச் சேர்த்தால் உயிருள்ள கார் ஒன்று. திட்டத்தில் ஓட்டையே இல்லை. விண்ணரசியிடம் சொல்வதுதான் பாக்கி. கொட்டகைக்குள் இனி ஒரு நட்டு வந்தாலும் அதையே குழம்பில் போட்டுத் தருவேன் என்று அவள் ஏற்கனவே சொல்லிவைத்திருந்தாள்.

அந்த நேரத்தில்தான் வயல் காய்ந்தது. ஊர் கடைமடை, வாய்க்காலின் கடைசிக் கோடி. ஆற்றில் தண்ணீர் திறந்த செய்தி டிவியில் வந்துவிடும், தண்ணீர் வராது. விவசாயம் முழுக்க விண்ணரசி பொறுப்பு. அவள் நட்ட சம்பா வேர் பிடிப்பதற்குள் மண் வெடிக்கத் தொடங்கியது. ஊர்க்குளத்தில் தண்ணீர் கிடந்தும் இறைக்க வழியில்லை, பழைய ஆயில் எஞ்சின் பிளந்து போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்தவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை.

"போன வருசமும் கருகிப் போச்சு. இந்த வருசமும் போச்சுன்னா, நான் வயப்பக்கமே போக மாட்டேங்க" என்றாள்.

சகாயராஜுக்கு நெஞ்சைப் பிசைந்தது. அது நிஜம். அதே நொடியில் மூளைக்குள் ஒரு விளக்கும் எரிந்தது. அதுவும் நிஜம்.

தானே போய் நல்ல ஆயில் எஞ்சினாகப் பார்த்து வாங்கி வருவதாகச் சொன்னார். உள்ளுக்குள் போட்ட கணக்கு வேறு: பி.எம்.டபிள்யூ எஞ்சினைக் கொண்டுவந்து இறக்க வேண்டியது. பம்புக்குச் சேரவில்லை என்று கையை விரிக்க வேண்டியது. வயலுக்கு வாடகைக்கு ஒன்று பிடித்துக் கொடுத்துவிட்டு, இதைக் காரில் ஏற்றிவிட வேண்டியது. பயிரும் பிழைக்கும், காரும் பிழைக்கும். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று தன் மனச்சாட்சியையே மடக்கினார்.

குட்டி யானை வண்டியில் எஞ்சின் வந்து இறங்கியது. விண்ணரசி அதை ஒரு சுற்று சுற்றிவந்தாள்.

"பின்னாடி கியர்பாக்ஸ் மாதிரி ஒண்ணு தொங்குதே?"

"தண்ணிய மேட்டுக்கு ஏத்தணும்ல? அதுக்குத்தான் கியரு."

அவள் தலையாட்டினாள். சாயங்காலம் தாண்டியும் பொய் உயிரோடு இருந்தது. சகாயராஜுக்குத் துளிர்விட்டுப் போயிற்று. இந்த மாடலுக்குக் கம்ப்யூட்டர் வேண்டும் என்றார். வாங்குங்க என்றாள். டேஷ்போர்டு வேண்டும் என்றார். அதையும் வாங்குங்க என்றாள். அஸாருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"அண்ணே, எங்க வீட்டுல ஆயிஷா ரெண்டாவது தடவ சரின்னு சொன்னாலே எனக்கு வயித்தக் கலக்கும். பாத்துக்கங்க" என்றான்.

சகாயராஜ் பார்த்துக்கொள்ளவில்லை. பம்புக்குச் சேரலியே என்று சொல்வதற்கு ஒரு சோக முகத்தைக் கண்ணாடிமுன் பழகிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை அந்த முகத்தோடு வீட்டுக்கு வந்தால், வாசலில் லேத்துப் பட்டறைக் கண்ணுசாமி மோர் குடித்துக்கொண்டிருந்தார். எஞ்சினையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங் பளபளவென்று அவர் காலடியில் இருந்தது. சகாயராஜ் வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து விண்ணரசி அவரை வரவழைத்து அளவெடுக்க வைத்திருக்கிறாள்.

"அச்சா பொருந்திருச்சு சார்" என்றார் கண்ணுசாமி.

பழகிய முகம் தானாகவே வந்தது. வயரிங் வேலை பெரிய வேலை என்று இழுத்துப் பார்த்தார். காலேஜுல வேல பாக்குறவங்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்றாள் விண்ணரசி. முடியாது என்றால் காரிலும் முடியாது என்று ஆகிவிடும். வயலைப் பார்க்கப் போனார். வெடிப்பில் கட்டைவிரல் இறங்கியது. திரும்பி வந்து ஸ்பேனரை எடுத்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசையைக்கூட விட்டுவிட்டு வேலை பார்த்தார். குளத்துக்கரையில் எஞ்சின், பக்கத்தில் தென்னங்கட்டைமேல் டேஷ்போர்டு. சாவியைத் திருகினார். சத்தமே இல்லாமல் பிடித்துக்கொண்டது. கூடவே டிங், டிங் என்று மணி அடித்தது.

"என்னத்துக்கு மணி அடிக்குது?" என்று கேட்டாள் பக்கத்து வயல் ராசம்மாள்.

"சீட் பெல்ட் போடச் சொல்லுது."

"யார?"

அதற்கு ஜெர்மனியில்தான் பதில் கேட்க வேண்டும். அதற்குள் குழாயில் தண்ணீர் இடிபோலக் கொட்டிவிட்டது. வெடிப்புகள் குடித்துத் தீர்க்க, வரப்போரமாகத் தண்ணீர் ஏறியது. விண்ணரசி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் நின்று பயிரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவள் அப்படிச் சிரித்து வருஷக்கணக்காகியிருந்தது. சகாயராஜுக்குக் கண் நிறைந்துவிட்டது. காரெல்லாம் ஒரு பொருட்டா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரு நிமிஷம்தான்.

தண்ணீர் கட்டி முடிந்ததும் அவள் கரையேறி வந்து எஞ்சினை நிறுத்தினாள். சாவியை உருவித் தன் இடுப்புச் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"விண்ணு, இது ஆயில் எஞ்சின் இல்ல. காருக்கு வாங்கினது."

"தெரியும். நீங்க கெளம்புறப்பவே தெரியும். ஆயில் எஞ்சின் வாங்கப் போறவரு யாராச்சும் பவுடர் பூசிக்கிட்டுப் போவாரா?"

"அப்பறம் ஏன் தடுக்கல?"

முந்தானையால் அவர் முகத்துக் கிரீஸைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"பம்புக்குன்னு போயிருந்தா ஏதாச்சும் ஓட்டையத்தான் தூக்கிட்டு வந்திருப்பீங்க. காருக்குன்னதாலதானே நல்லதா தேடி வாங்குனீங்க?"